பயன்படு கலமும் அதன் வனப்பும்

பொன்னைப் பற்றிப் பேசுவதற்கென்றே பிறந்த ஊர் எனப் பிறர் கருதும் ஓர் ஊரிலிருந்து, நாம் இம்மலரில் மண்ணைப் பற்றி எழுதத் துணிகின்றோம். கோலார் தங்கவயலின் பெருமையை உரைப்போர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தையும், 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த மின்சாரத்தையும், நூற்றிருபது ஆண்டுகளில் இந்நிலம் ஈந்த ஏறத்தாழ 800 டன் பொன்னையும் எடுத்துரைப்பர். அப்பொன் ஒருமுறையேனும் மண் கலந்த ஒரு கலத்தின் வயிற்றில் உருகிக் கிடந்தே வெளிவந்தது என்பதை எடுத்துரைப்பார் அரியர்.

பாறையில் பொன் கண்ணுக்குப் புலப்படுவது அருமை. ஒரு டன் கல்லில் சில கிராம் அளவே கலந்து கிடக்கும் பொன்னை அளந்தறிய உலகெங்கும் பொற்சுரங்கங்கள் கையாண்ட முறை நெருப்புச் சோதனை. பொடித்த கல்லுடன் மிருதார்சிங்கி, வெண்காரம், சோடா, சிறிது கரி ஆகியவற்றைக் கலந்து, தீக்களிமண்ணால் ஆகிய மூசையில் இட்டு உருக்குவர். மிருதார்சிங்கியிலிருந்து பிரியும் காரீயம், பொன்னையும் வெள்ளியையும் தன்பால் ஈர்த்துக்கொண்டு அடியில் இறங்கும். கல்லின் கழிவு கண்ணாடி போல மேலே மிதக்கும். அக்காரீயக் கட்டியை எலும்புச் சாம்பலாற் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மீண்டும் சூடேற்றினால், காரீயம் காற்றின் உயிர்வளியோடு கூடிக் கிண்ணத்தின் சுவரிலேயே உறிஞ்சப்பட்டு மறைய, கடுகினும் சிறிய ஒரு மணி எஞ்சும். அதிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிட, நிற்பது பொன். ஆக, இரு கலங்கள். ஒன்று எதனையும் உறிஞ்சலாகாது. மற்றொன்று உறிஞ்சியே தீரல் வேண்டும். மூசையின் வாய் அகன்றும் அடி ஒடுங்கியும் இருப்பது உருகியது ஓரிடத்தில் திரள்வதற்காக. அதன் சுவர் சீராகச் சாய்ந்திருப்பது, இடுக்கி பற்றவும் சாய்த்து ஊற்றவும் எளிதாவதற்காக. அழகு கருதி இழைத்த கோடு ஒன்றேனும் அதில் இல்லை. எனினும், தீயில் சிவந்து ஆறிய ஒரு பழைய மூசையைக் கையில் எடுத்தவர் அதனை உடனே கீழே வைத்துவிடுவதில்லை. ஒருமுறை சுழற்றிப் பார்த்தே வைப்பர்.

அவ்வாறு பார்க்க வைப்பது எது? கலத்தின் அழகு அதன் மேல் பூசப்படுவதா, அதன் பயனுக்குள்ளேயே பிறப்பதா? இவ்வினா கலைக்கூடங்களில் கற்றோர் மட்டும் எழுப்பும் வினாவன்று. தமிழ்க் குயவனின் சக்கரமும், சப்பானிய அறிஞர் ஒருவரின் நூலும், புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு மட்பாண்டக் கூடமும் தத்தம் வழியில் இதற்கு விடை கூறியுள்ளன. அவ்விடைகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகவில்லை என்பதே இக்கட்டுரைக்கு உரிய பொருள்.

முதலில் நம் மொழியை நோக்குவோம். பானை, சட்டி, குடம், கலயம், தோண்டி, மொந்தை, அகல், தாழி, மிடா, சால், கூசா, குழிசி, தசும்பு என விரியும் கலப்பெயர்கள் ஒரே பொருளுக்கு வாய்த்த பல பெயர்கள் அல்ல. வாய் அகன்றால் சட்டி; கழுத்து ஒடுங்கினால் குடம்; நீர் வார்க்கக் கழுத்து நீண்டால் கூசா; பிணம் வைக்கும் அளவுக்கு வயிறு பெருத்தால் தாழி. பயன் மாறும்போது வடிவம் மாறுகிறது. வடிவம் மாறும்போது பெயரும் மாறுகிறது. அழகுக்கெனப் பெயர் பெற்ற கலம் ஒன்றையும் நாம் இவ்வரிசையில் காணவில்லை.

கலம் செய்தவனைப் பழந்தமிழ்ப் புலவர் மறந்தாரல்லர். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்று 228ஆம் பாட்டு, ஈமத்தாழி வனையும் குயவனையே விளித்துப் பேசுகிறது. இத்துணைப் பெரும் புகழுடையானை மூடும் தாழியை நீ எங்ஙனம் வனைவாய் என்னும் பொருள்பட. 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்க என்று குயவனை வேண்டுகிறாள். அவள் கேட்டது ஓவியம் தீட்டிய தாழியை அன்று. கொள்ளளவு கூடிய தாழியை. துயரத்தையும் அளவிலேயே சொல்லிய அப்பெண்ணின் வேண்டுகோளை நாம் கல நுட்பத்தின் முதல் பாடமாகக் கொள்ளலாம். கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார் குயவர் குலத்துப் புலவர் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

பெரியபுராணம் போற்றும் திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர். அடியார்க்குத் திருவோடு செய்து அளித்தவர். சிவயோகியாக வந்த இறைவன் தந்த ஓடு காணாமற் போக, அதற்கு ஈடாக வேறு ஓடு தருவதாக நாயனார் வேண்டுகிறார். தாம் கொடுத்த மண்ணோடன்றிப் பொன்னாலேயே செய்து தந்தாலும் ஏலேன் என்று யோகியார் மறுக்கிறார். சமயப் பொருள் ஒருபுறம் இருக்க, பொன் தோண்டப் புலம்பெயர்ந்த மக்களின் வழிவந்த நமக்கு அச்சொல் சற்று வேறாகவும் ஒலிக்கின்றது.

நம் முன்னோர் 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்த பின்னர் வட ஆற்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள். அவர்கள் விட்டுவந்த மண்ணுக்கும் வந்து சேர்ந்த மண்ணுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. நந்தி மலையில் தோன்றும் பாலாறு, நமக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலத்து ஏரியைக் கடந்தே வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் செல்கிறது. அவ்வாற்றின் கீழ்ப்பக்கத்தே, வேலூரை அடுத்த கரிகிரியில், பச்சை முதலிய வண்ணங்களில் பளபளப்புப் பூச்சேற்றிய மட்பாண்டம் செய்யும் தொழில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. மேலும் கிழக்கே இராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தின் பீங்கான் ஆலை 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. மண்கலத்தின் குடிசைத் தொழிலும் ஆலைத் தொழிலும் ஒரே ஆற்றங்கரையில் அமைந்தன எனலாம்.

இனித் தமிழ்க் குயவன் பானை செய்யும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சக்கரத்தில் வனையும் பொழுது பானைக்கு அடியே இல்லை என்பது பலர் அறியாத செய்தி. தடித்த சுவரும் முடிவுற்ற வாயும் கொண்ட ஓர் உருவை வனைந்து, அறுத்தெடுத்து, அரைகுறையாய் உலரவிட்டு, பின்னர் உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே சுவரை மெலிவித்து அடியை மூடுகின்றனர். பெரும்பாலும் பெண்களும் முதியோரும் பங்குபெறும் இவ்வேலையிலேதான் பானை பானையாகிறது. சக்கரம் வாயை மட்டுமே தருகிறது. வயிற்றைத் தருவது தட்டுதல்.

உருண்டை அடியின் காரணம் என்ன? அடுப்பில் ஏறும் கலத்தில் மூலை இருப்பின், ஓரிடம் விரைந்து விரிய மற்றோரிடம் தாமதிக்க, அங்கே வெடிப்புத் தோன்றும். மூலையற்ற சீரான வளைவில் சூடு பரந்து செல்லும். மூன்று கல் கூட்டிய அடுப்பிலும், மணலிலும், தலைமேல் சும்மாட்டிலும், இடுப்பின் வளைவிலும் அவ்வடி தானாகவே பொருந்தும். தட்டையான மேசையில் மட்டும் அது நில்லாது. ஆனால் அக்காலத்து வீட்டில் மேசை ஏது? களிமண்ணில் மணலைக் கலப்பதும் காரணம் பற்றியதே. மணற்பருக்கைகள் சிறு வெடிப்பு ஓடும் வழியில் தடையாய் நின்று அதனை வளரவொட்டாமல் காக்கின்றன. வழவழப்பான நுண்மண்ணில் செய்த கலம் காட்சிக்கு இனியது. அடுப்பில் அது ஒரு நாள் கூடத் தாங்காது.

தண்ணீர்ப் பானையின் செய்தி இன்னும் நுட்பமானது. எழுநூறு எண்ணூறு பாகை வெப்பத்தில் வெந்த மண் முழுவதும் இறுகுவதில்லை. கண்ணறியா நுண்துளைகள் அதில் எஞ்சும். அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைப் பானையும் உள்ளிருக்கும் நீருமே கொடுத்துக் குளிர்கின்றன. ஆகவே, அழகு செய்வதாக எண்ணி ஒருவர் தண்ணீர்ப் பானைக்கு வண்ணம் அடித்தால், அதன் உயிரை அடைத்தவர் ஆகிறார். இன்று கடைகளில் எண்ணெய் வண்ணம் பூசிப் பூப்போட்டு விற்கும் பானைகள் சுடுநீரையே தருகின்றன என்று குறைகூறுவோர் குயவனை நோகுதல் தகாது. அதனை விரும்பி வாங்குவோரையே நோக வேண்டும். உப்பு மிகுந்த நீரால் துளைகள் நாளடைவில் அடைபடுவதால், கோடைதோறும் புதுப்பானை வாங்கும் வழக்கமும் அறிவொடு பட்டதே.

தமிழகத்துப் பழைய ஊர்களை அகழ்ந்தோர் கண்டெடுக்கும் கறுப்பு-சிவப்புப் பானையும் இத்தகைய அறிவின் விளைவு. உட்புறமும் வாயும் கரியன, வெளிப்புறம் சிவந்தது. சூளையில் கலத்தைக் கவிழ்த்து அடுக்கியதனால் உட்புறத்துக்குக் காற்று கிட்டாமல் கருமை படிந்தது என்று ஆய்வாளர் விளக்குவர். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நிகழ்த்திய அகழ்வில் வெளிப்பட்ட தாழிகளும், கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த ஓடுகளும் இம்மரபின் நீட்சியைக் காட்டுகின்றன. கீழடியின் பண்பாட்டைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லும் அறிக்கையைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. அங்குக் கிடைத்த ஓடுகளில் ஆதன் முதலிய பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. கல்லில் எழுதுவிப்போர் அரசரும் வணிகரும். பானையில் எழுதிக்கொண்டோர் அதில் உண்டவரும் குடித்தவருமே. எளிய மக்களின் கையெழுத்து நமக்குக் கிடைத்தது கலத்தின் வழியே என்று சொல்லலாம்.

புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய நம்மை நெருங்கித் தொடும் ஓடு ஒன்று எகிப்து நாட்டில், செங்கடற்கரைத் துறையாகிய குசேர் அல்-காதிமில் கிடைத்தது. சேமக் கலம் ஒன்றின் உடைந்த துண்டு அது. அதில் தமிழ் பிராமியில் எழுதியிருப்பது 'பானை ஒறி' (பானை உறி) என்று ஐராவதம் மகாதேவன் படித்தார், காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு என்றார். 2007ஆம் ஆண்டில் வெளியான இச்செய்தி தமிழறிஞரிடையே பெரிதும் பேசப்பட்டது. உறி என்பது பானையைக் கட்டித் தொங்கவிடும் கயிற்று வலை. எறும்பும் எலியும் அணுகாமல் காக்கும் வீட்டுப்பொருள். கடல் கடந்து சென்ற ஒரு தமிழன் தன் கலத்தில் பொறித்தது மன்னன் பெயரன்று, தெய்வத்தின் பெயரன்று, அக்கலத்தின் பயனே. அதே வணிகத்தின் மறுமுனையாகிய அரிக்கமேட்டில், 1945ஆம் ஆண்டில் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலிய அரெட்டைன் தட்டுகளோடு உரோமானிய மதுச்சாடிகளும் வெளிவந்தன. அச்சாடிகளின் அடி கூரியது, நிலத்தில் நில்லாது. கப்பலின் வயிற்றில் ஒன்றன் இடுக்கில் ஒன்றைச் செருகி அடுக்குவதற்கென அமைந்த வடிவம் அது. நம் பானை இடுப்புக்கு அமைந்தது. அவர்தம் சாடி கப்பலுக்கு அமைந்தது.

இவ்வழகைக் கண்டு பெயரிட்டு ஒரு கொள்கையாக ஆக்கியவர் சப்பானிய அறிஞர் யானகி சோயெட்சு. 1925ஆம் ஆண்டில், குயவர்களான ஹமாடா ஷோஜி, கவாய் கஞ்சிரோ ஆகியோருடன் அவர் 'மிங்கெய்' என்னும் சொல்லை உருவாக்கினார். மக்கட் கலை என்பது அதன் பொருள். பெயரறியாக் கைவினைஞர், அன்றாடப் பயனுக்காக, மலிவான விலையில், பெருந்தொகையாகச் செய்யும் பொருள்களிலேயே தலைசிறந்த அழகு வாழ்கின்றது என்பது அவர் கூற்று. 1936ஆம் ஆண்டில் டோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினைக் காட்சியகத்தையும் நிறுவினார்.

அவர் எடுத்துக்காட்டும் சான்று கிசாயெமோன் என்னும் தேநீர்க் கிண்ணம். கியோட்டோ நகரின் தைதொகுஜி மடத்தைச் சார்ந்த கோகோ-ஆன் கோயிலில் பேழைக்குள் பேழையாக வைத்துக் காக்கப்பட்ட அதனை, 1931ஆம் ஆண்டில் அவர் காணும் வாய்ப்புப் பெற்றார். சப்பானியர் நாட்டின் செல்வமாகப் போற்றும் அக்கிண்ணம், உண்மையில் கொரிய நாட்டு ஏழை மக்கள் சோறுண்ட கிண்ணம். பெயர் தெரியாத ஒரு குயவன் விரைந்து வனைந்து, பூச்சு வழிந்தது வழிந்தபடி விட்ட கலம். அழகிது எனக் கருதி அவன் செய்யவில்லை. அதனாலேயே அது அழகியதாயிற்று என்பது யானகியின் முடிவு.

இம்முடிவை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. பானை செய்த கை நெஞ்சில் அழகுணர்ச்சி இன்றியே செய்தது என்பது, பானை செய்தாரைக் கேளாமலே பானையைப் பார்த்தவர் கூறும் கூற்று. சூளையிலிருந்து எடுத்த நூறு பானைகளில் ஒன்றைத் தனியே ஒதுக்கித் தன் வீட்டுக்கென வைத்துக்கொள்ளும் குயவர் உண்டு. ஏன் என்று கேட்டால் 'நல்லா வந்திருக்கு' என்பார், அவ்வளவே. அச்சொல்லில் பயனும் அழகும் பிரியாமல் இருக்கின்றன. மேலும், பெயரறியாமை கைவினைஞர் விரும்பி மேற்கொண்ட துறவு அன்று. அவர் பெயரை ஒருவரும் கேட்டிலர்.

இந்தியாவில் இக்கருத்தோடு நேரே தொடர்புற்றவர் சர்தார் குர்சரண் சிங். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சப்பான் சென்று மட்பாண்டக் கலை பயின்றபோது யானகி, ஹமாடா, ஆங்கிலக் குயவர் பெர்னார்டு லீச் ஆகியோரின் நட்பைப் பெற்றார். 1952ஆம் ஆண்டில் தில்லியில் நீல மட்பாண்டக் கூடத்தை நிறுவினார். வடக்கே கலைக்கூட மட்பாண்டத்துக்கு அவர் மூலவர் எனலாம். இதற்கு வேறொரு திசையிலிருந்து, அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸ், அவர் மனைவி ரே ஈம்ஸ் ஆகிய இருவரும் இந்திய அரசின் அழைப்பில் வந்து 1958ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை அளித்தனர். இந்தியாவில் தாம் கண்ட பொருள்களுள் மிக அழகியதாக அவர்கள் சுட்டியது நம் செம்பை! எவ்வளவு நீர் கொள்ளும், யார் கை பற்றும், தலையிலோ இடுப்பிலோ எங்ஙனம் செல்லும், நிறைந்தபோதும் குறைந்தபோதும் நிறை எங்கே நிற்கும், ஊற்றும்போது நீர் எங்ஙனம் விழும், எப்படிக் கழுவுவர் என்று அடுக்கடுக்காக வினாக்களை எழுப்பி, இவை அனைத்துக்கும் விடையாக அமைந்த அவ்வுருவைத் தனியொருவர் வடித்திருக்க இயலாது, பல தலைமுறைகளே வடித்தன என்றனர். அகமதாபாத்தில் 1961ஆம் ஆண்டில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற இவ்வறிக்கை வித்திட்டது. நம் வீட்டுக் கூடத்தில் உருண்டு கிடந்த செம்பின் அருமையை நமக்குச் சொல்ல கலிபோர்னியாவிலிருந்து இருவர் வர வேண்டியிருந்தது.

கலிபோர்னியாவிலிருந்து வேறு இருவரும் வந்தனர். டெபோரா சுமித், ரே மீக்கர் என்னும் இவர்கள் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். டெபோரா, சப்பானில் பிசென் ஊரில் யாமமோட்டோ தோஷு என்னும் பெருங்குயவரின் பட்டறையில் இருந்து கற்றவர். ரே மீக்கர் கட்டடக் கலையிலிருந்து மண்கலைக்குத் திரும்பியவர். 1971ஆம் ஆண்டில் புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமச் சூழலில், கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினர். அதுவரை தென்னகத்தில் கலம் என்றால் ஒன்று குயவரின் சுடுமண், அன்றேல் ஆலையின் பீங்கான். இவ்விரண்டுக்கும் இடையே, கையால் வனைந்து ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுட்ட கற்கலம் என்னும் ஒரு வகையை இவர்கள் இங்கே வேரூன்றச் செய்தனர். அவ்வெப்பத்தில் மண் கல்லாய் இறுகுகிறது, நீர் கசியாது, மேற்பூச்சு உருகிக் கண்ணாடியாய் ஒட்டிக்கொள்கிறது. சூளைக்கு விறகு கடற்கரையில் வளரும் சவுக்கு.

அவர்கள் முதன்மையாகச் செய்தவை சிலைகள் அல்ல. உண்ணும் தட்டு, தேநீர்க் குவளை, கூசா, மூடியிட்ட சாடி, கிண்ணம். அன்றாடம் கைபடும் கலங்களையே நாள்தோறும் வனைவித்தனர். அருகிலுள்ள ஊர்களின் தமிழ்த் தொழிலாளர் அங்கே சக்கரத்திலும் சூளையிலும் தேர்ச்சி பெற்றனர். பயிற்சி நாடி நாட்டின் பல பகுதிகளிலிருந்து இளைஞர் வந்தனர்; அவர்களுட் பலர் பின்னர்ப் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் வேறிடங்களிலும் தத்தம் பட்டறைகளை அமைத்தனர். 'புதுச்சேரி மட்பாண்டம்' என்று இன்று கடைகளில் வழங்கும் பெயர் இவ்வழியில் வந்தது. ரே மீக்கர் 1980களில் பச்சை மண்ணால் வீடு கட்டி, வீட்டையே சூளையாக்கி அப்படியே சுட்டெடுக்கும் முயற்சியிலும் பல்லாண்டு உழைத்தார். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

பயன்படு கலம் வனைவோர் கருதும் நுட்பங்கள் சிலவற்றை இங்கே குறிப்பது தகும். குவளையின் விளிம்பு இதழில் படும் உறுப்பு. மெலிந்தால் உடையும், தடித்தால் வாய் உவக்காது. கூசாவின் மூக்கு ஊற்றி நிறுத்தியவுடன் நீரை வெட்டிவிட வேண்டும்; ஒரு சொட்டு வழிந்து மேசைத் துணியை நனைத்தால் எத்துணை அழகிய கூசாவும் தோல்வியே. கைப்பிடி, கலம் வெறுமையாக இருக்கையில் அன்றி நிறைந்திருக்கையில் கைக்கு இணங்க வேண்டும். கண் ஊகித்த எடைக்கும் கை உணரும் எடைக்கும் வேறுபாடு இருப்பின் கலம் நம்மை ஏய்த்ததாகவே தோன்றும். ஈரக் களிமண் உலர்ந்து வெந்து முடிவதற்குள் எட்டிலொரு பங்கு அளவேனும் சுருங்குவதால், மூடியும் சாடியும் பொருந்த வேண்டுமாயின் இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே நாளில், ஒரே ஈரத்தில் வனைவதே முறை. இவற்றைக் கற்பதற்கு வழி ஒன்றே: ஒரே உருவை நூறு முறை செய்தல். முதற்பத்துக் கிண்ணங்களில் வனைபவர் தம் விருப்பத்தைச் செய்வார். நூறாவதில் கிண்ணத்தின் விருப்பத்தைச் செய்வார்.

இனி, நம் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். புதுச்சேரி நகரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வில்லியனூர். அது குயவர் மரபு செழித்த ஊர். அவ்வூர்ச் சுடுமண் வேலைப்பாடு 2011ஆம் ஆண்டளவில் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே பரம்பரைக் குயவர் குடியில் தோன்றிய வி. கே. முனுசாமி, சுடுமண் சிற்பங்களால் புகழ்பெற்று 2020ஆம் ஆண்டில் பத்மசிறீ விருதுக்கு உரியவரானார். பெருமைக்குரிய செய்தியே. ஆனால் இதனைக் கோல்டன் பிரிட்ஜோடு சேர்த்துப் பார்க்குங்கால் ஒரு விந்தை புலனாகின்றது. பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவர் பயன்படு கலத்தை நாடி வந்தனர். பயன்படு கலத்திலேயே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர் சிற்பத்தை நாடிச் சென்றார். ஒருவர்க்குப் பானை விடுதலையாகத் தோன்றியது. மற்றவர்க்குப் பானை சோறு போடவில்லை.

அலுமினியமும் எவர்சில்வரும் பின்னர் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு சமையலறையில் பானைக்கு இடமில்லை. இதனைப் பண்பாட்டு வீழ்ச்சி என்று புலம்புவோர் ஒன்றை எண்ண வேண்டும். குழாயடியில் வரிசையில் நின்று, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிச் சுரங்கத் தொழிலாளர் வரிசைவீட்டுக்குச் சுமந்த நம் தாய்மாருக்கு, மண்குடத்தின் பாதி எடையும் இல்லாத பிளாஸ்டிக் குடம் எத்துணைப் பேருதவி! கைதவறி விழுந்தாலும் உடையாத குடம் வந்த நாளை அவர்கள் வனப்புக் குறைந்த நாளாகக் கருதியிருக்க மாட்டார்கள். சுமப்பவரின் நோவையும் சேர்த்து எண்ணாமல் பயனை அளக்க இயலாது. ஆதலின், பயனிலேயே அழகு பிறக்கின்றது என்னும் கொள்கை உண்மையாயின், பயன் நீங்கிய பின் அவ்வழகு எங்கே செல்லும் என்ற வினாவுக்கும் அக்கொள்கை விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. கலைக்காட்சியில் ஆயிரக்கணக்கில் விலையிட்டு, நீர் ஊற்றப்படாமலே கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் கூசாவைக் கூசா என்பதா, கூசாவின் படிமம் என்பதா? நமக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகின்றது. டெபோராவின் கூடத்துக் குவளை அவ்வாறன்று. அதில் தேநீர் குடிக்கலாம், குடிக்கின்றனர். ஆயினும் அதனை வாங்கும் வீடும் குயவனின் பானையை வாங்கும் வீடும் ஒன்றல்ல.

பயன் இன்னும் உயிரோடிருக்கும் இடங்கள் சில உள. சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை அவற்றுள் ஒன்று. வைகைக் கரை ஏரிகளின் மண்ணிலிருந்து அங்கே செய்யும் பாண்டம் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. எனினும் அவ்வூரின் பெயரை உலகறியச் செய்தது கடம். பானையைப் போலத் தோன்றினும் கடம் பானையன்று. சுவர் தடித்தது, கழுத்து சிறியது, மண்ணின் கலவையும் வேறு. சீரான தடிமன் வருமளவும் பலகையால் ஓயாது தட்டி, இன்ன சுருதி என்று குறித்தே செய்கின்றனர். தோல் கருவியை இழுத்துக் கட்டிச் சுருதி சேர்க்கலாம். கடத்தைச் சூளையிலிருந்து எடுத்த பின் சேர்க்க வழியில்லை. சுருதி பிசகின் அது வெறும் கனத்த பானை. இத்தொழிலில் வாழ்நாளைக் கழித்த மீனாட்சி கேசவன் என்னும் முதியவர் சங்கீத நாடக அகாதெமியின் 2013ஆம் ஆண்டிற்குரிய விருதைப் பெற்றார். மேடையில் கடம் வாசிப்பவர் பெயரையே அறிந்திருந்த நாடு, கடம் செய்த கையின் பெயரை அறிய அவ்வளவு காலம் ஆயிற்று.

நம் ஊரில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூசைகளுக்கு வேலை ஒழிந்தது. சயனைடு மேடுகள் மட்டும் வெண்குன்றுகளாக நிற்கின்றன. பிழைப்பு நாடிப் பலர் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறிச் செல்கின்றனர். பலர் கடல் கடந்தும் சென்றனர். ஆயினும் தைத் திங்கள் நெருங்கும்போது ஆண்டர்சன்பேட்டைத் தமிழ் வீடுகளில் புதுப்பானை வாங்கும் வழக்கம் விட்டுப்போகவில்லை. எவர்சில்வர்ப் பானையில் பொங்குவோரும் பெருகிவிட்டனர். அதனையும் நாம் குறைகூறவில்லை. மண்பானை வாங்கச் செல்லும் மூதாட்டியைக் கவனித்தால், அவர் முதலில் பானையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. கோலம் தீட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. இடக்கையால் வாயைப் பற்றித் தூக்கி, வலக்கை விரற்கணுவால் வயிற்றில் இருமுறை தட்டி, காதைச் சாய்க்கிறார். கீறல் இருப்பின் ஒலி செத்துப் போகும். வெந்த பானை கணீரென்னும். அதன் பின்னரே விலை கேட்கிறார்.